அன்று யாரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றார் செயலாளர். அது எவ்வளவு ஆபத்தான வார்த்தை என்பது அவருக்கு இன்னும் சற்று நேரத்தில் புரியும்.

நேற்று மாலை கேன்டீன் வாசலில் பழைய நண்பர்கள் சிலர் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நமது சங்கத்தின் உதவித்தொகை பற்றிப் பேச்சு வந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரே ஒரு உதவித்தொகைதான் கையில் இருந்தது. கடைசி வரை வந்தவர்கள் இரண்டு மாணவர்கள். மூன்று பேர் கொண்ட குழு அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த மாணவர் படிப்பை முடிக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத மற்றவர் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், இன்று இந்தச் சங்கத்துக்கே நன்கொடை அனுப்புகிறார். நண்பர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னப்பா, அன்னைக்கு நாம தப்பான பையனை எடுத்துட்டோமே!"

அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் வாழும் ஊரில் இருபது வருடமாக ஓயாமல் நடக்கும் இன்னொரு வாக்குவாதம் நினைவுக்கு வந்தது. அது ஒரு விளையாட்டு அணி எடுத்த முடிவைப் பற்றியது. முதலில் அந்தக் கதையைச் சொல்கிறேன். பிறகு நம் கதைக்கு வருகிறேன்.

முட்டை வடிவப் பந்து

நான் 1987-ல் கலிஃபோர்னியாவுக்குப் போனேன். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியே வந்தால் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஏதோ ஊரடங்கு உத்தரவு என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஊரே ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் விளையாடும் கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. இந்த முன்னேற்றத்துக்கு மூளையாக இருப்பவர் 'குவாட்டர்பேக்'. பந்து முதலில் அவர் கைக்கு வரும். நூறு, நூற்றைம்பது கிலோ ஆசாமிகள் அவரைக் கீழே தள்ள ஓடி வந்துகொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். நம் கிரிக்கெட்டில் கேப்டன் பொறுப்பையும், விக்கெட் கீப்பிங்கையும், கடைசி ஓவர் பந்துவீச்சையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

இன்னொன்றும் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் 'டிராஃப்ட்' என்று ஒன்று நடக்கும். கல்லூரிகளில் ஆடிய இளைஞர்களை 32 அணிகளும் வரிசைப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளும். முந்தைய வருடம் மிக மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால், கடைசியாக வருகிறவனுக்கு முதல் தோசை கிடைத்திருக்கும்!

எங்கள் ஊர் அணி சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ். 1849-ல் தங்கம் தேடி வந்தவர்களின் பெயரையே அணிக்கு வைத்திருக்கிறார்கள். ஜோ மான்டானா, அவருக்குப் பின் ஸ்டீவ் யங் என்று இரண்டு மாபெரும் குவாட்டர்பேக்குகளோடு, 1980-களிலும் 90-களிலும் ஐந்து முறை சூப்பர் பவுல் வென்ற அணி. அப்படிப்பட்ட அணி 2004-ல் 16 ஆட்டங்களில் 14-ல் தோற்றது. கோச் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2005 ஜனவரியில் மைக் நோலன் புதிய கோச் ஆனார். ஏப்ரலில் முதல் தேர்வு அவர் கையில். பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு இளைஞர்கள்

தேர்ந்தெடுக்க இரண்டு குவாட்டர்பேக்குகள் இருந்தார்கள்.

ஒருவர் அலெக்ஸ் ஸ்மித். யூட்டா பல்கலைக்கழகம். 2004-ல் அவருடைய அணி 12 ஆட்டம் ஆடி 12-லும் வென்றது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்து 32 டச்டவுன். எதிரணி கைக்குப் போனது வெறும் 4. பொருளாதாரப் பட்டத்தை இரண்டே வருடத்தில் முடித்தவர். வயது 20. நம் பேராசிரியர்கள் 'சமர்த்துப் பையன்' என்று சொல்வார்களே, அந்த ரகம்.

மற்றவர் ஏரன் ராட்ஜர்ஸ். எங்களுக்குப் பக்கத்து ஊரான பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். வடக்கு கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் வளர்ந்தவர். சிறு வயதிலிருந்தே ஃபார்ட்டிநைனர்ஸ் ரசிகர். மான்டானாவைத் தெய்வமாகப் பார்த்தவர். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் உதவித்தொகையோடு அழைக்கவில்லை. உள்ளூரில் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து மேலே வந்தவர். 2004 அக்டோபரில் பலம் வாய்ந்த தெற்கு கலிஃபோர்னியா அணிக்கு எதிராகத் தொடர்ந்து 23 எறிதல்களைக் குறி தப்பாமல் எறிந்தார். ஆனாலும் 23-17 என்று அந்த ஆட்டம் தோல்வியில் முடிந்தது.

இருவர் மேலும் சந்தேகமும் இருந்தது. ஸ்மித் கல்லூரியில் ஆடிய முறை, தொழில்முறை அணிகள் ஆடும் முறையிலிருந்து வேறுபட்டது. அந்தத் திறமை இங்கே எடுபடுமா? ராட்ஜர்ஸின் கல்லூரிக் கோச் ஜெஃப் டெட்ஃபோர்ட் உருவாக்கிய அக்கிலி ஸ்மித், ஜோயி ஹாரிங்டன், கைல் போலர் போன்றவர்கள் முதல் சுற்றில் எடுக்கப்பட்டு, எதிர்பார்த்த அளவு ஆடவில்லை. இவரும் அந்த வரிசையில் ஒருவரா? ஒருவர் ஆடிய பாணி மேல் சந்தேகம், மற்றவர் படித்த பள்ளிக்கூடம் மேல் சந்தேகம்! நாம் மாப்பிள்ளை பார்க்கும்போது விசாரிப்பதைப் போலத்தான்.

2005 ஏப்ரல் 23. நியூயார்க்கில் டிராஃப்ட். ஃபார்ட்டிநைனர்ஸ் ஸ்மித்தின் பெயரைச் சொன்னார்கள். ஆறு வருட ஒப்பந்தம், 4.95 கோடி டாலர்.

ராட்ஜர்ஸ் அதே அரங்கத்தின் பின்னறையில், குடும்பத்தோடு, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தார். இரண்டாவது பெயர் அழைத்தார்கள், அவர் இல்லை. ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது... நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கேமரா அவர் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எழுந்துபோன மேசைகள் காலியாக இருந்தன. கடைசியில் 24-வதாக கிரீன் பே பேக்கர்ஸ் அவரை எடுத்தது. ஃபார்ட்டிநைனர்ஸ் எடுக்காதது எவ்வளவு ஏமாற்றம் என்று நிருபர்கள் கேட்டார்கள். என்னை எடுக்காததற்கு அவர்கள் அடையப்போகும் ஏமாற்றத்தைவிடக் குறைவுதான் என்ற பொருளில் பதில் சொன்னார்.

அந்தப் பதில் பலித்தது. அவர் 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றார். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை 2011, 2014, 2020, 2021 என நான்கு முறை பெற்றார். ஸ்மித்தோ முதல் வருடத்தில் எறிந்த டச்டவுன் ஒன்றே ஒன்று. எதிரணிக்குக் கொடுத்தது 11.

ஆகவே எங்கள் ஊர் ஆபீஸ் கேன்டீனில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது: தப்பான பையனை எடுத்துட்டாங்க. நானும் அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவன்தான். 2010 அக்டோபரில் ஓர் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் ஸ்மித்தை எடுத்துவிட்டு மாற்று ஆட்டக்காரரை இறக்கச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து நானும் அதையே கத்தினேன். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பையனோட அம்மா கேட்டுக்கிட்டிருந்தா என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகுதான் உண்மையில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

அதே ஏழு வருடம், இரண்டு வீடு

ராட்ஜர்ஸ் போன வீட்டைப் பாருங்கள். அங்கே பிரெட் ஃபார்வ் என்ற ஜாம்பவான் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார். ராட்ஜர்ஸ் 2005, 2006, 2007 மூன்று வருடமும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். மூன்று வருடத்தில் லீக் ஆட்டங்களில் அவர் எறிந்த பந்துகள் மொத்தம் 59. தப்புச் செய்தால் பயிற்சி மைதானத்தில் செய்தார், ஊர் பார்க்கவில்லை. கல்லூரியில் பந்தைக் காதருகே உயரமாகப் பிடித்துப் பழகியிருந்தார். அதையும் மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. 2006-ல் வந்த தலைமைக் கோச் 2018 வரை அங்கேயே இருந்தார்.

ஸ்மித் போன வீட்டைப் பாருங்கள். அதே மூன்று வருடத்தில் அவர் எறிந்த பந்துகள் 800. முதன்முதலில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 2005 அக்டோபரில், இண்டியானாபோலிஸுக்கு எதிராக. வயது 21. நான்கு எறிதல் எதிரணி கைக்குப் போனது. 28-3 என்று தோல்வி.

தாக்குதல் ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதற்கென்று ஒவ்வொரு அணியிலும் தனிக் கோச் உண்டு. குவாட்டர்பேக்குக்கு அவர்தான் குரு. ஸ்மித்தின் குருமார்களை எண்ணிப் பாருங்கள். 2005-ல் மைக் மெக்கார்த்தி. 2006-ல் நார்வ் டர்னர். 2007-ல் ஜிம் ஹோஸ்ட்லர். 2008-ல் மைக் மார்ட்ஸ். 2009-ல் ஜிம்மி ரே. 2010-ல் மூன்று ஆட்டம் முடிந்ததும் அவரை நீக்கிவிட்டு மைக் ஜான்சன். 2011-ல் கிரெக் ரோமன். ஏழு பருவம், ஏழு குரு! ஒவ்வொருவரும் ஒரு புதிய பாஷை பேசுவார். ஒரே ஆட்டத்துக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு பெயர். நம் கல்லூரியில் ஒவ்வொரு செமஸ்டர் நடுவிலும் சிலபஸையும் வாத்தியாரையும் மாற்றிவிட்டு, "ஏண்டா மார்க் குறைஞ்சுது?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

2006-ல் டர்னரிடம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பிடி கிடைத்தது. 16 ஆட்டங்களிலும் ஆடினார். அணி 7-ல் வென்றது. உடனே டர்னருக்கு சான் டியாகோவில் தலைமைக் கோச் பதவி கிடைத்தது, போய்விட்டார். 2007 செப்டம்பர் கடைசியில் ஸ்மித்தின் எறியும் கைத் தோள்மூட்டு பிசகியது. அதோடு சில வாரம் கழித்து ஆட வந்தார். வலி ஒருபக்கம்; அந்த வலி உண்மையா என்று கோச்சே வெளிப்படையாகச் சந்தேகப்பட்டது இன்னொரு பக்கம். அறுவைச் சிகிச்சை ஆகி, 2008 முழுவதும் ஆடவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மேலே நான் முதல் குருவாகச் சொன்ன மைக் மெக்கார்த்தி ஒரே வருடத்தில் சான் பிரான்சிஸ்கோவை விட்டுப் போனார். எங்கே போனார்? கிரீன் பே பேக்கர்ஸுக்குத் தலைமைக் கோச்சாக! ராட்ஜர்ஸை 2018 வரை வளர்த்த அந்தக் கோச் இவர்தான். எங்கள் ஊர்க்காரர்கள் இருபது வருடமாக, கைவிட்டுப் போன ஆட்டக்காரனுக்காக அழுகிறார்கள். கைவிட்டுப் போன வாத்தியாருக்காக அழுதவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

எந்தத் தேதியில் கேட்கிறோம்?

இன்னொரு விஷயம். தீர்ப்பு என்பது கேட்கும் தேதியைப் பொறுத்தது.

2008-ல் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டு ராட்ஜர்ஸை முதன்முறையாக முழுப் பொறுப்பில் இறக்கினார்கள். அந்த வருடம் கிரீன் பே 16-ல் 10 ஆட்டம் தோற்றது. அன்று கேட்டிருந்தால், "ஃபார்வை அனுப்பியது தப்பு" என்று கிரீன் பே கேன்டீனில் தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

2011-ல் ஜிம் ஹார்பா ஃபார்ட்டிநைனர்ஸின் கோச் ஆனார். அவரே ஒரு காலத்தில் குவாட்டர்பேக். எல்லோரும் கைகழுவிய ஸ்மித்தை அவர் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். அந்த வருடம் அணி 16-ல் 13 வென்றது. 2012 ஜனவரி 14, நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப். கடைசி நான்கு நிமிடத்தில் வெற்றி நான்கு முறை கை மாறியது. 9 விநாடி மிச்சமிருக்கும்போது ஸ்மித் எறிந்த பந்தை வெர்னன் டேவிஸ் பிடித்தார். 36-32. டேவிஸ் மைதானத்திலேயே அழுதுகொண்டு போனார். நானும் அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். 'வேண்டாம்' என்று நான் கத்தின அதே பையன்!

மறுநாளே, அந்தப் பருவத்தில் 16-ல் 15 வென்றிருந்த கிரீன் பே, சொந்த ஊரில் தோற்று வெளியேறியது. அந்த ஒரு வாரம் மட்டும் கேட்டிருந்தால், 2005 தேர்வு அவ்வளவு மோசமில்லை என்று எங்கள் கேன்டீன் சொல்லியிருக்கும்.

2012 நவம்பரில் ஸ்மித்துக்குத் தலையில் அடிபட்டது. அடிபடுவதற்கு முந்தைய ஆட்டத்தில் 19-க்கு 18 எறிதல் சரியாக எறிந்திருந்தார். அவருக்குப் பதிலாக இறங்கிய காலின் கேப்பர்னிக் பிரமாதமாக ஆட, இடம் அவருக்கே போயிற்று. அணி சூப்பர் பவுலுக்கும் போயிற்று. ஸ்மித் ஓரத்தில் நின்று, தன் இடத்தில் ஆடுகிறவருக்கு யோசனை சொன்னார். 2013-ல் கான்சாஸ் சிட்டிக்குப் போனார். முந்தைய வருடம் 16-ல் 2 வென்றிருந்த அந்த அணி, அவர் போன முதல் வருடம் 11 வென்றது. 2017-ல் அங்கே பேட்ரிக் மஹோம்ஸ் என்ற இளைஞரை எடுத்தார்கள், ஸ்மித்தின் இடத்துக்கு. ஸ்மித் அவரிடம் முகம் கோணாமல் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். மஹோம்ஸ் அந்த முதல் வருடத்துக்காக இன்றும் ஸ்மித்துக்கு நன்றி சொல்கிறார். அந்த மஹோம்ஸ்தான் 2020-லும் 2024-லும் சூப்பர் பவுலில் எங்கள் ஃபார்ட்டிநைனர்ஸைத் தோற்கடித்தார். வினை விதைத்தவன் கதை என்று சிலர் சொன்னார்கள், நான் சொல்லவில்லை.

2018 நவம்பரில், வாஷிங்டன் அணிக்கு ஆடும்போது ஸ்மித்தின் கால் எலும்பு முறிந்தது. கிருமி ஏறி, காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை. 17 அறுவைச் சிகிச்சை. 2020 அக்டோபரில் அதே காலோடு மீண்டும் மைதானத்தில் இறங்கினார். ஏழு குருமார்கள் சேர்ந்தும் உடைக்க முடியாத பையன் அவர் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அப்படியானால் 2005 தேர்வு சரியா?

நேர்மையாகச் சொல்கிறேன். ராட்ஜர்ஸின் கை கூடுதல் வரம் பெற்ற கை. இன்றைக்கு அந்த இரண்டு பேரையும் எதிரே நிறுத்தினால் நான் ராட்ஜர்ஸைத்தான் எடுப்பேன். ஆனால் அவர் 2005-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து, பலவீனமான அணியில் முதல் வருடமே இறங்கி, ஏழு குருவிடம் ஏழு பாஷை படித்திருந்தால், இன்றைய ராட்ஜர்ஸ் ஆகியிருப்பாரா? 'எடுத்திருக்கணும்' என்று சொல்கிறவர்கள், பழத்தைப் பார்த்துவிட்டு விதைக்கு விலை சொல்கிறார்கள். நடுவில் மண், தண்ணீர், வேலி என்று எவ்வளவோ இருக்கிறது.

உடனே இறக்கினால் கெட்டுப்போவார்கள் என்றும் விதி இல்லை. பேட்டன் மேனிங்கை 1998-ல் இண்டியானாபோலிஸ் முதல் ஆட்டத்திலேயே இறக்கியது. அந்த வருடம் 28 எறிதல்களை எதிரணிக்குக் கொடுத்தார். அணி 13 ஆட்டம் தோற்றது. ஆனால் அவரை யாரும் தூக்கி எறியவில்லை. அவருடைய தாக்குதல் கோச் டாம் மோர், 1998-லிருந்து பத்து வருடத்துக்கும் மேல் மாறவில்லை. மேனிங் விளையாட்டின் சரித்திரத்தில் இடம்பெற்றார்.

ஆகவே அந்த ஏப்ரல் 23-ஐப் பற்றி எனக்கு இப்போது பெரிய புகார் இல்லை. அடுத்த நாளிலிருந்து ஏழு வருடம் அவரை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் என் புகார். தேர்வு நடந்த நாளுக்குப் புகைப்படம் இருக்கிறது. அதனால் அதையே திட்டுகிறோம். ஏழு வருட அலட்சியத்தை யாரும் படம் பிடிப்பதில்லை.

இப்போது நம் கதை

இனி நம் உதவித்தொகைக்கு வருகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

நாங்கள் தேர்ந்தெடுத்த மாணவர் நல்ல மார்க்கோடு வந்தவர். நேர்காணலில் தெளிவாகப் பேசினார். அன்று கையிலிருந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் மறுபடியும் அவரையே எடுப்போம். இரண்டாம் வருடம் அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். சனி ஞாயிறு ஊருக்குப் போய் வயல் வேலை பார்த்துவிட்டு வந்தார். இரண்டு பாடத்தில் அரியர் விழுந்தது. அரியர் விழுந்தால் உதவித்தொகை நிற்கும் என்று ஒரு விதி வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதியவன் நான்தான். விதிப்படி கடிதம் போயிற்று. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் படிப்பை விட்டது எங்களுக்குத் தெரிந்ததே ஒன்றரை வருடம் கழித்து, தணிக்கைக் கணக்கு பார்க்கும்போது.

மற்ற மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆனால் தாய்மாமா ஒருவர் இருந்தார். வங்கிக் கடன் வாங்க அலைந்தவர் அவர். முதல் செமஸ்டரில் பையன் தடுமாறியபோது ஹாஸ்டலுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவரும் அவரே. இதை அந்த மாணவரே என்னிடம் சொன்னார்: "மாமா இல்லேன்னா நானும் போயிருப்பேன் சார்."

இந்த முறை ஊருக்கு வந்தபோது, படிப்பை விட்ட மாணவரைத் தேடிப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சொந்தமாக மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறார். கை கழுவிவிட்டு வந்து, காபி வரவழைத்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சொன்னார்: "விடுங்க சார். காசு மாசாமாசம் சரியா வந்துச்சு. யாராவது ஒருத்தர் ஒரு தடவை வந்து, எப்படிடா இருக்கேன்னு கேட்பீங்கன்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

நண்பர்களே, நேற்று டீக்கடையில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நாம் தப்பான பையனை எடுக்கவில்லை. எடுத்த பையனை அப்படியே விட்டுவிட்டோம்.

செயற்குழுவின் முன் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, அரியர் விதியை எடுத்துவிடுங்கள். அரியர் விழுந்தால் பணத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, நம்மில் ஒருவர் நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்று மாற்றுங்கள். இரண்டு, உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முன்னாள் மாணவர் பொறுப்பு. படிப்பு முடியும்வரை அதே ஆள், நடுவில் மாற்றக்கூடாது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. வெளிநாட்டிலிருந்து போனில் விசாரிப்பதாகச் சொல்கிறவர்களை, என்னையும் சேர்த்து, நம்பாதீர்கள். நான் பணம் தருகிறேன். நீங்கள் நேரம் தாருங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கேம்பஸ் இன்டர்வியூ வரும். சிலரை முதலில் அழைப்பார்கள். சிலர் 24-வது பெயர் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருப்பவர்கள் கலங்க வேண்டாம். பெரிய சம்பளத்தோடு முதலில் அழைக்கப்படுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அங்கே உங்களுக்குக் கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார், அவர் எத்தனை நாள் இருப்பார் என்றும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ரிவைண்டிங் கடை நண்பரை இன்றைய கூட்டத்துக்கு அழைத்தேன். "நான் டிகிரி முடிக்கலையே சார், முன்னாள் மாணவர்னு வரலாமா?" என்று கேட்டார். வரலாம் என்று சொன்னேன். சங்கத்தின் விதிப்படி அது சரியா தெரியவில்லை. தவறென்றால் தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று காட்ட மாட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரிடம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அது அவராகவும் இருக்கலாம்.